பச்சைக் குழந்தையின் குளியல்: மேலே பூசுவதும் உள்ளே போவதும்

முதல் பிள்ளை பிறந்த வீட்டில் பெயர் வைப்பதற்கு முன்பே ஒரு விவாதம் தொடங்கிவிடும். எப்போது தண்ணீர் ஊற்றுவது, யார் ஊற்றுவது, எண்ணெய் தேய்க்கலாமா, மூக்கை ஊதி எடுக்கலாமா, கண்ணுக்கு மை வைக்கலாமா. ஒரு பக்கம், மூன்று தலைமுறைப் பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய அம்மாச்சி. இன்னொரு பக்கம், மருத்துவமனையில் செவிலியர் சொல்லி அனுப்பிய அறிவுரைகள். தூக்கம் கெட்டு, தையல் வலியோடு, யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நடுவில் நிற்கிறவர்கள் இளம் தாயும் தகப்பனும்.

இதைப் பழமைக்கும் புதுமைக்கும் நடக்கும் போட்டியாகப் பார்த்தால் விடை கிடைக்காது. பாட்டிமார் செய்வதில் பலவற்றை ஆய்வுகள் ஆதரிக்கின்றன. மருத்துவமனைகள் ஒரு காலத்தில் கட்டாயமாகச் செய்த சிலவற்றை மருத்துவமே பின்னால் கைவிட்டிருக்கிறது. இரு தரப்பையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கோடு தெரிகிறது. குழந்தையின் உடம்பின் மேல் செய்பவை, அதாவது தொடுவது, தடவுவது, துடைப்பது, அணைத்துக் கதகதப்பாக வைப்பது எல்லாம் பெரும்பாலும் நல்லவை. தாய்ப்பாலும் மருத்துவர் தரும் மருந்தும் தவிர வாய், மூக்கு, காது, கண், தொப்புள் வழியாக உள்ளே போகிறவை பெரும்பாலும் ஆபத்தானவை. இந்தக் கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

முதல் குளியலிலிருந்து தொடங்கலாம். பிறந்த கையோடு குழந்தையைக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுப்பதுதான் வெகுகாலம் வழக்கம். வீட்டுப் பேற்றில் மருத்துவச்சி செய்தார். மருத்துவமனையிலும் அதுவே நடந்தது. இப்போது உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் குளிப்பாட்டச் சொல்கிறது. காரணம் குளிர். வயிற்றுக்குள் 37 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் மிதந்துகொண்டிருந்த உடம்பு, ஈரத்தோடு காற்றுக்கு வருகிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தப் பரப்பு வழியாகச் சூடு வேகமாக வெளியேறும். நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. தோள், கழுத்து, முதுகுப் பக்கம் சேர்த்து வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். அந்தக் கையிருப்பு சீக்கிரம் கரையும். பிறகு இரத்தத்தில் சர்க்கரை இறங்கும், மூச்சு திணறும், பால் குடிக்கத் தெம்பிருக்காது. 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்கவேண்டிய உடல் வெப்பம் சென்னை வெயில் காலத்திலும் குறையக்கூடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. குளிரூட்டிய அறையும் தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியும் அதற்குப் போதும்.

பிறந்த குழந்தையின் மேல் வெண்ணெய் போல ஒட்டியிருக்கும் மாவை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுப்பது இன்னொரு தவறு. அதில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு நீர். மீதி கொழுப்பும் புரதமும். கிருமிகளை எதிர்க்கும் பொருள்கள் அதில் இருக்கின்றன, தோலும் உலராமல் காக்கப்படுகிறது. இரத்தக் கறையை மட்டும் துடைத்துவிட்டு இதை விட்டுவிட்டால் ஓரிரு நாளில் தானே தோலோடு சேர்ந்துவிடும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவமனை ஒன்றில் முதல் குளியலை 12 மணி நேரத்துக்கு அப்பால் தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். 2019-ல் வெளியான அந்த ஆய்வில், மருத்துவமனையில் இருந்த நாள்களில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளின் பங்கு 59.8 விழுக்காட்டிலிருந்து 68.2 விழுக்காடாக உயர்ந்தது. குளிரில் ஒடுங்காமல் தாயின் நெஞ்சோடு கிடந்த குழந்தை முலையைத் தேடிக் கண்டுபிடிக்கிறது என்பதே இதற்கு நான் கொள்ளும் விளக்கம்.

மருத்துவம் தன் பாடத்தை எவ்வளவு வலியோடு கற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950-களிலும் 60-களிலும் மேலை நாட்டு மருத்துவமனைகளில் கிருமித் தொற்றுக்குப் பயந்து ஹெக்ஸாகுளோரோஃபீன் கலந்த சோப்பால் பச்சைக் குழந்தைகளைத் தினமும் குளிப்பாட்டினார்கள். அந்த மருந்து மெல்லிய தோலைத் தாண்டி மூளை வரை போய்ச் சேதம் செய்வது பின்னர்தான் தெரிந்தது. 1972-ல் பிரான்சில் மோரான்ஜ் என்ற குழந்தைப் பவுடரில் இந்த மருந்து தவறுதலாக 6 விழுக்காடு கலந்துவிட, 36 குழந்தைகள் இறந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவும் இதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. குழந்தையின் தோலை ஒரு சுவர் என்று நினைக்கக் கூடாது. அதில் எதைப் பூசினாலும் கொஞ்சம் உள்ளே போகும். இன்று கடையில் வாசனையும் நிறமும் போட்டு விற்கும் குழந்தைச் சோப்பு, லோஷன் வரிசைக்கு முன்னால் நிற்கும்போது பெற்றோர் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இனிக் குளிப்பாட்டும் முறை. நம் ஊர் முறையில் பாட்டி தாழ்ந்த மணையில் உட்கார்ந்து, சேலையைத் தொடை வரை வழித்துவிட்டுக்கொண்டு, கால்களை நீட்டிச் சேர்த்து வைத்துக்கொள்வார். கால்களுக்கு நடுவில் உள்ள பள்ளம் குழந்தையின் தலையையும் முதுகையும் தாங்கும். எண்ணெய் பூசிய குழந்தை மீனாக வழுக்கும். காலுக்கும் கைக்கும் நடுவில் கிடப்பதால் நழுவாது. பாட்டியின் இரண்டு கைகளும் வேலைக்கு விடுபட்டிருக்கும், அவர் காலின் சூடும் குழந்தைக்குக் கிடைக்கும். குப்புறப் போட்டு முதுகுக்கு ஊற்றும்போது முகத்தில் தண்ணீர் படாமல் ஒரு கை நெற்றிக்குக் கீழே அணை கட்டியதுபோல நிற்கும். பழகிய கைக்கு இதைவிடப் பாதுகாப்பான முறை இல்லை என்றே நினைக்கிறேன். பழகாத பெற்றோருக்கு அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நாலு விரல் ஆழத் தண்ணீர் போதும். ஒரு கை எப்போதும் குழந்தையின் கழுத்துக்கும் தோளுக்கும் கீழே இருக்கவேண்டும்.

பாட்டி முறையில் மாற்ற வேண்டியது தண்ணீரின் சூடு. உடம்பு வலி போகும், பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று ஆவி பறக்கும் வெந்நீரைச் சளசளவென்று ஊற்றுவார்கள். தோல் சிவந்த குழந்தை அழுது களைத்துத்தான் தூங்குகிறது. 37, 38 டிகிரி போதும். பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீரையும் அதன்மேல் வெந்நீரையும் விட்டுக் கலக்கி, முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போயிருக்கும். அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, துண்டையும் மாற்றுத் துணியையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்ட பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். பால் குடித்த உடனே குளிப்பாட்டினால் கக்கும். பசியில் குளிப்பாட்டினால் கத்தும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம், வெயில் ஏறிய பின் காலை பத்து பதினொரு மணி, நல்லது.

முகத்துக்கு வெறும் தண்ணீர். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, கண்ணுக்கொரு துணியால் துடைக்க வேண்டும். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பாலும் வியர்வையும் தங்கிப் புண்ணாகும்; அங்கேதான் கவனம் வேண்டும். தலைக்குக் கடைசியில் ஊற்றி, முதலில் தலையைத் துவட்ட வேண்டும். உடம்பில் பெரிய பங்கு தலைதான், அது ஈரமாக இருந்தால் உடம்பே குளிரும். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடியட்டும். நடுவில் செல்பேசி அடித்தாலோ யாராவது கதவைத் தட்டினாலோ குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். விரற்கடை ஆழத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும்.

தினமும் குளிப்பாட்ட வேண்டுமா என்று கேட்டால், வாரம் இரண்டு மூன்று முறை போதும் என்பார்கள் குளிர்நாட்டு மருத்துவர்கள். மே மாதத்து மதுரைக்கு அது பொருந்தாது. நிறைமாதத்தில் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் சுருக்கமாக ஊற்றலாம். சோப்பை மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையோடு நிறுத்திக்கொள்ளலாம். பிறந்தபோது நடுநிலையில் இருக்கும் தோல், நாள்கள் செல்லச் செல்லத்தான் அமிலத் தன்மை பெற்றுக் கிருமியைத் தடுக்கும் வலு அடைகிறது. காரமான சோப்பு அதைக் கெடுக்கும். பயத்தம் மாவும் கடலை மாவும் சோப்பை விட மென்மையானவை என்று சொல்லப்பட்டாலும், சொரசொரப்பாக அரைத்த மாவு கீறும், மடிப்புகளில் தங்கும். எடை குறைந்த, குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லும்வரை ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

எண்ணெய்க்கு வருவோம். அறிவியல் பாட்டிக்குத் தெளிவாகக் கை கொடுக்கும் இடம் இது. டெல்லியில் நடந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், நல்லெண்ணெய் தேய்த்துவிட்ட கைக்குழந்தைகள் நன்றாக வளர்ந்ததும் தூங்கியதும் பதிவாகியிருக்கிறது. 2005-ல் வெளியான மும்பை ஆய்வில், தேங்காய் எண்ணெய் தேய்த்த குறைமாதக் குழந்தைகளுக்கு எடை கூடுதலாக ஏறியது. அதே ஆண்டு டாக்காவிலிருந்து வந்த ஆய்வு, மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியதில் மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. வடக்கே பரவலாகத் தேய்க்கும் கடுகெண்ணெயும், விலை கொடுத்து வாங்கும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்புப் படலத்தைக் குலைக்கலாம் என்று சோதனைகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரை, தோல் நோயைத் தடுக்கவென்று எண்ணெயோ களிம்போ வழக்கமாகப் பூச வேண்டியதில்லை என்கிறது. ஆனால் நல்ல நலத்தோடு உள்ள குழந்தைக்கு மென்மையாக உடம்பு பிடித்துவிடுவதை ஏற்கிறது. நன்மை எண்ணெயில் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். கைக்கே பெரும் பங்கு என்பது என் கணிப்பு. 2015-ல் தமிழக அரசு தொடங்கிய, 16 பொருள்கள் அடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் எண்ணெயும் இருந்தது. அரசு மருத்துவமனையே கொடுத்தனுப்பிய பிறகு பாட்டிக்கு வேறு சான்று தேவையில்லை.

ஆனால் மூக்கை நீட்டி நிமிர்த்துவது, தலையை அமுக்கி உருண்டையாக்குவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது எல்லாம் உடம்பு பிடிப்பதில் சேராது. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டவில்லை. பிரசவத்தில் நீண்ட தலை தானே சில வாரங்களில் வடிவத்துக்கு வரும்.

சிவகங்கைப் பக்கத்து வீடுகளில் இப்படி ஒரு பேச்சை இன்றும் கேட்கலாம்.

“அம்மாச்சி, மூக்குல எண்ணெய் விட வேணாம்னு டாக்டரம்மா சொன்னாக.”

“உங்க ஆத்தாளுக்கு விட்டேன், ஒனக்கும் விட்டேன். ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீக?”

இந்தக் கேள்வியை மரியாதையோடு எடுத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறவர்கள்தாம் இன்று சாட்சி சொல்ல இருக்கிறார்கள். 1971-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அந்த எண்ணிக்கை 13. தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு, நல்ல உணவு, பெண்களின் படிப்பு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எதனால் போனது என்று அன்று யாரும் கணக்கு வைக்கவில்லை. ‘ஜன்னி’, ‘தோஷம்’, ‘காத்துக் கருப்பு’ என்ற பெயர்களுக்குள் அவை மறைந்துபோயின.

மூக்கிலும் வாயிலும் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். எண்ணெய் தொண்டையைக் கூசச் செய்யாமல் வழுக்கி இறங்கும், இருமல்கூட வராது. அதனால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும், காதிலும் மூக்கிலும் வாய் வைத்து ஊதுவதும் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. மூக்கடைத்தால், மருத்துவர் எழுதித்தரும் உப்புநீர்ச் சொட்டு இருக்கிறது.

பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ சேனையாகத் தொட்டு வைப்பது உறவின் அன்பைக் காட்டும் சடங்கு. அதை உதட்டோரமாகக்கூட வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த நோய் 1976-ல்தான் இனம் காணப்பட்டது. ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப் பாலும் சீம்பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மஞ்சளாக, கொஞ்சமாகச் சுரக்கிறதே என்று பீய்ச்சிக் கொட்டப்பட்ட சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை, கத்திரி வெயிலிலும். பாலில் 87 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான்.

உரை மருந்து விஷயத்தில் வீடுகளில் கோபம் அதிகம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைத் தாய்ப்பாலில் உரைகல்லில் இழைத்துப் புகட்டுவார்கள். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று பெயர் பெற்ற வசம்பில் உள்ள ஆசரோன் என்ற பொருளைப் பற்றிய அச்சத்தால், அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-ல் தடை செய்தது. ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். ‘மருந்து கொடுத்தால் பிள்ளை அமைதியாகத் தூங்குது’ என்ற சொல் எனக்குக் கவலை தருகிறது. எவ்வளவு இழைந்தது என்று யாருக்கும் தெரியாத மருந்தை மூன்று கிலோ உடம்பு தாங்கவேண்டியதில்லை. கல்லைக் கழுவினார்களா என்பது அடுத்த கேள்வி.

தொப்புள்கொடியில் சாணம், சாம்பல், மஞ்சள் வைத்த காலத்தில் ரணஜன்னி எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோனது. தாய்க்குத் தடுப்பூசி, சுத்தமான கத்தி, மருத்துவமனைப் பேறு மூன்றும் சேர்ந்து, 2015-ல் அந்நோய் இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தன. இன்று செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். அரைத்துணியைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டி, காற்றுப் பட உலர விட்டால் ஒன்று இரண்டு வாரத்தில் தானே விழும். பவுடர், எண்ணெய், நாணயம் எதுவும் வேண்டாம்.

கண்ணுக்குள் மை வேண்டாம். கடையில் வாங்கும் மை, சுர்மா சிலவற்றில் ஈயம் இருந்திருக்கிறது. வீட்டில் செய்த மையில் விரலின் கிருமி இருக்கும். திருஷ்டிக்கு வைக்க ஆசைப்பட்டால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம். கன்னத்தில் வைத்தால் கையால் இழுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோகும். தாயின் ஹார்மோன் காரணமாக ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் மார்பு சற்று வீங்கிப் பால் போலக் கசியலாம். அதைப் பிதுக்கிவிடுவதால் சீழ்க்கட்டியோடு குழந்தைகள் மருத்துவமனைக்கு வருகின்றன. விட்டுவிட்டால் தானே வற்றும். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துளி இரத்தம் படுவதும் அதே காரணத்தால்தான்.

குளித்தபின் காட்டும் சாம்பிராணிப் புகையைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது. கரியில் போட்டதோ கம்ப்யூட்டர் சாம்பிராணியோ, புகை புகைதான். பெரியவர்களை விடக் குழந்தை நிமிடத்துக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக மூச்சு விடுகிறது. வாசனைக்காகக் குழந்தை இல்லாத அறையில் போட்டுக்கொள்ளலாம். பவுடரும் தேவையில்லை, மடிப்பில் கட்டியாகும், தூள் மூச்சில் போகும். நகத்தைத் தூங்கும்போது வெட்டலாம். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டக் கூடாது. இடுப்பு அரைஞாண் வயிறு உப்பினாலும் இறுகாத அளவில் இருக்கட்டும். தூளி பகலில் கண்ணெதிரே ஆடும்வரை சரி. மோவாய் நெஞ்சில் இடித்து மூச்சு அடைபடாமல் பார்க்க வேண்டும். இரவில் தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே முறை. 1990-களில் மேலை நாடுகள் இதை வலியுறுத்திய பிறகு தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன.

காலை வெயிலில் காட்டும் பழக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்ட் என்ற செவிலி, வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் காமாலை மஞ்சள் நிறம் வெளுத்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். 1958-ல் அதிலிருந்து நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது. விளக்கைப் போல அளவாக, தேவையான அலைநீளத்தில் மட்டும் வெயிலைக் கொடுக்க முடியாது. வெயிலில் குளிரும் சூடும் மாறி மாறித் தாக்கும். மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்தாலோ வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இத்தனையிலும் மலிவான, வலுவான மருந்து கை கழுவுவது. தெற்கு நேபாளத்தில் நடந்த ஆய்வில், குழந்தையைத் தொடுமுன் கை கழுவிய தாய்மாரின் குழந்தைகளிடையே இறப்பு 44 விழுக்காடு குறைவாக இருந்தது. பார்க்க வரும் உறவினரிடம் ‘கை கழுவிட்டு வாங்க அத்தை’ என்று சொல்லக் கூச்சப்படும் தாய்க்காக, அந்த வார்த்தையைத் தகப்பன் சொல்ல வேண்டும். குளிப்பாட்டவும் துணி மாற்றவும் அவர் கற்றுக்கொண்டால் தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்க அனுப்பினார்கள். பச்சைக் குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்ததை 1999-ல் உலகுக்குக் காட்டினார்கள். அந்தப் பெண்கள் செய்தவற்றில் பெரும்பகுதி ஒரு சாதாரண வீட்டில் செய்யக்கூடியதே: சுத்தம், கதகதப்பு, தாய்ப்பால், ஆபத்தைச் சீக்கிரம் கண்டுகொள்வது.

அந்த ஆபத்து அறிகுறிகளை அறைக் கதவில் எழுதி ஒட்டிவைக்கலாம். பால் குடிக்க மறுப்பது அல்லது உறிஞ்சும் வலு குறைவது. தொட்டாலொழிய அசையாமல் கிடப்பது. வலிப்பு. நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது. உடம்பு 37.5 டிகிரிக்கு மேல் கொதிப்பது, 35.5-க்குக் கீழே குளிர்வது. தொப்புளைச் சுற்றிச் சிவப்பும் சீழும். மேலே சொன்ன மஞ்சள். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழைத்து, போகும் வழியெல்லாம் குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக் கொண்டுசெல்ல வேண்டும்.